24 வேலியும் நம் மனைக்கட்டும்



முதுகலை வரலாறு படிக்கிற நம் மாணவத் தோழர்களுக்கு அமெரிக்க வரலாறு ஒரு தாள். மேற்கு நோக்கிய விரிவாக்கம், தொழில்மயம், சமூகச் சீர்திருத்தம் என்று மூன்று தலைப்பு. பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினால் போதும். தைரியமுள்ள மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள், காடு திருத்தினார்கள், ரயில் வந்தது, ஆலை வந்தது, லிங்கன் அடிமைகளை விடுவித்தார். கதை முடிந்தது. தேர்வு எழுதிவிட்டு பஸ் பிடித்து ஊருக்கு வந்தால், நம் அம்மாக்கள் இன்னொருவர் வயலில் நாற்று முடி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாடத்துக்கும் அந்த வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தருவதில்லை. சம்பந்தம் இருக்கிறது. இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

1862 மே 20 அன்று லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். குடும்பத் தலைவராக இருக்கும் எவரும், அல்லது 21 வயது நிரம்பிய எவரும், ஒரு சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கேட்கலாம். அதில் வீடு கட்டி, ஐந்து ஆண்டு குடியிருந்து, சாகுபடி செய்தால் நிலம் சொந்தம். தனித்து வாழும் பெண்ணும் கேட்கலாம். கப்பலில் வந்து இறங்கி, குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவரும் கேட்கலாம். இப்படி 16 லட்சம் பேருக்குச் சுமார் 27 கோடி ஏக்கர் போய்ச் சேர்ந்தது.

160 ஏக்கர் என்றால் நம்மூர்க் கணக்கில் 24 வேலி. கீழத்தஞ்சையில் 24 வேலி வைத்திருந்தவரை எப்படிக் கூப்பிட்டோம் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேர் சொல்ல மாட்டார்கள். 'ஆண்டே' என்றுதான் சொல்வார்கள். அங்கே அது ஒரு சாதாரண விவசாயியின் பங்கு.

இதைப் படித்தவுடன் வாயைப் பிளக்க வேண்டாம். அந்த 27 கோடி ஏக்கர் வானத்திலிருந்து விழவில்லை. அது சீயூ, செயென், பாவ்னி என்று நூற்றுக்கணக்கான பூர்வகுடிகளின் நிலம். 1830இல் 'அகற்றல் சட்டம்' போட்டு, 1838இல் செரோக்கி மக்களைப் பட்டாளம் வைத்துத் துரத்தினார்கள். போகும் வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1887இல் இன்னொரு சட்டம். சமுதாயமாக வைத்திருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லி, 'மிச்ச' நிலத்தை வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. இதைக் கொண்டுவந்தவர்கள் தங்களைச் சீர்திருத்தவாதிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். பூர்வகுடிகளை 'நாகரிகப்படுத்த' வந்த நல்ல மனசுக்காரர்கள். 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த பூர்வகுடிகளின் நிலம் 1934இல் 4 கோடியே 80 லட்சமாகச் சுருங்கியது. 'சீர்திருத்தம்' என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விடுதலையான கறுப்பின மக்கள் கதை என்ன? 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தெற்கே கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பது என்று. சுமார் 40 ஆயிரம் பேர் போய் உழ ஆரம்பித்தார்கள். லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஜான்சன் அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே நிலத்தைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் டிசம்பரில் அடிமை முறை அரசியல் சட்டப்படி ஒழிந்தது. அதாவது கையில் விடுதலைப் பத்திரம், காலடியில் அடுத்தவன் நிலம். வாரத்துக்கு உழு, கடன் வாங்கு, கடனுக்காக மறுபடி உழு. சங்கிலி கழன்றது, கணக்குப் புத்தகம் மாட்டிக்கொண்டது.

இந்தக் கடைசி வரி எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

இப்போது காவிரிக்கு வருவோம். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். கொள்ளிடத்தில் வீணாகப் போன தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பியது. தஞ்சை நெல் பெருகியது, அரசுக்கு வரி பெருகியது, மிராசுதாரின் களம் பெருகியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில், 1862இல் திருச்சிக்கு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் முதல் போட்டவருக்கு வட்டி உண்டு என்று அரசு உத்தரவாதம் கொடுத்துப் போட்ட தண்டவாளம். ஆக நீர்ப்பாசனம் வந்தது, ரயில் வந்தது, துறைமுகம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கப் பாடத்தில் வருகிற 'முன்னேற்றம்' எல்லாமே இங்கேயும் வந்தது. மண்ணைச் சுமந்து கரை போட்டதும், சேற்றில் நின்று நட்டதும், மூட்டையைத் தூக்கி ரயிலில் ஏற்றியதும் யார் என்று மட்டும் புத்தகத்தில் இல்லை.

1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை என்று ஒருவர் மேல் உரிமை கொண்டாடினால் கோர்ட்டு அதை ஏற்காது. அவ்வளவுதான். 'இன்று முதல் நீ விடுதலை' என்று சேரியில் தண்டோரா போட்ட சட்டம் அல்ல அது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அதுவரை நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்ட பள்ளரும் பறையரும் அதன் பிறகு 'பண்ணையாள்' ஆனார்கள். பேர் மாறியது, கொல்லை மாறவில்லை. கல்யாணத்துக்கு வாங்கின கடன், சாவுக்கு வாங்கின கடன், அப்பன் வாங்கினதைப் பிள்ளை உழைத்துக் கழிப்பது. அமெரிக்கக் கறுப்பருக்கு 40 ஏக்கர் கொடுத்துப் பிடுங்கினார்கள். நமக்குக் கொடுக்கிற நாடகம்கூட நடக்கவில்லை.

அப்படியானால் நமக்கு 'மேற்கு' என்று ஒன்று இருந்ததா? இருந்தது. அது கிழக்கே இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, அங்கிருந்து கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர்த் தோட்டம். கண்டிச் சீமைக்குக் காப்பி, அப்புறம் தேயிலை. ரங்கூனுக்குப் போனவர்களும் உண்டு. முதலில் ஒப்பந்தக் கூலி, பிறகு கங்காணி முறை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி 1910இல் நின்றது, கங்காணி ஆள் பிடிப்பது 1938 வரை நடந்தது. என் அப்பாயி சொல்லும்: "ரயிலு வந்துச்சு, நாம ஏறலடா, நம்மள ஏத்துனாங்க." அமெரிக்காவில் மேற்கே போனவன் ஐந்து வருஷத்தில் நிலத்துக்கு உரியவன் ஆனான். கிழக்கே போன நம் ஆட்கள் நூறு வருஷம் உழைத்த பிறகு, 1948இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு 'நீ இந்த நாட்டுக் குடிமகனே இல்லை' என்றது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அமெரிக்காவிலும் இதே நியாயம்தான். மலையைக் குடைந்து பசிபிக் ரயில்பாதை போட்ட சீனக் கூலிகளை 1882இல் 'இனி உள்ளே வராதே' என்று சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பாதை போட்டவனுக்குப் பயணம் கிடையாது.

இருந்தாலும் போனவர்கள் எல்லாரும் ஏமாந்து போனவர்கள் என்று நான் எழுத மாட்டேன். சேரியில் 'டேய்' என்று கூப்பிட்டவன் இல்லாத ஊரை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் மேல்துண்டை இடுப்பில் கட்ட மறுத்தார்கள். வெளுத்த சட்டை போட்டு நடந்தார்கள். தஞ்சைச் சேரியின் முதல் சீர்திருத்தம் எந்தச் சபையின் தீர்மானத்தாலும் வரவில்லை. கப்பலில் திரும்பி வந்தது.

நம் முன்னோர் அமெரிக்காவைக் கவனிக்காமல் இல்லை. 1873இல் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த கர்னல் ஆல்காட், பின்னால் அடையாறுக்கு வந்து 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தழுவ இலங்கை போனதில் அவருக்குப் பங்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போய்ப் படித்தார். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் து போயிஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபையில் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் பிரதி கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பேர் வைத்துக்கொண்டதும் அங்கேயிருந்த கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அமெரிக்க வரலாறு நமக்குத் தேர்வுத் தாள் மட்டும் அல்ல, உறவுக்காரர்களின் கதை.

அந்தச் சட்டத்துக்குச் சமமாக நமக்கென்று ஒன்று வந்ததா? வந்தது. 1891இல் செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். இருக்கிற வீட்டு மனைகூட மிராசுதாருடையது, வாய் திறந்தால் மனையைக் காலி செய்யச் சொல்கிறார்கள், தரிசு நிலம் கேட்டால் மிராசுதார் எதிர்க்கிறார் என்று விவரமாக எழுதினார். மிஷனரிகளும் மனு மேல் மனு கொடுத்தார்கள். அதே காலத்தில் ரெட்டமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டினார், 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் செல்லாது. இதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

12 லட்சம் எங்கே, 27 கோடி எங்கே என்பது இருக்கட்டும். இந்த 12 லட்சமாவது நம் கையில் இருக்கிறதா? அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காரணை நிலத்தை மீட்கப் போனவர்கள் அவர்கள். அமெரிக்காவில் நிலம் கேட்டு மனுப் போட்டவனுக்குப் பட்டா கிடைத்தது. இங்கே அரசாங்கமே கொடுத்த நிலத்தைக் கேட்டவனுக்குக் குண்டு கிடைத்தது.

டெல்டாத் தோழர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சமி நிலம் என்பது பெரும்பாலும் தரிசிலிருந்து கொடுக்கப்பட்டது. காவிரிப் படுகையில் தரிசு ஏது? கரையிலிருந்து கரை வரை நன்செய். ஒவ்வொரு குழிக்கும் மிராசு எழுதியாகிவிட்டது. எனவே நம் பக்கத்தில் அந்த ஆணையின் பலன் மிகக் குறைவு. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் என்கிற புது ஆற்றில் தண்ணீர் வந்தபோது பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் மானாவாரிப் பூமி நன்செய் ஆயிற்று. அது டெல்டாவின் சொந்த 'விரிவாக்கம்'. அப்போதும் பட்டா வைத்திருந்தவர் நிலத்துக்கு விலை ஏறியது. பட்டா இல்லாதவருக்கு வேலை கூடியது. செழிப்பான பூமியில்தான் நிலமற்றவர் அதிகம். 2011 கணக்கெடுப்புப்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் அட்டவணைச் சாதியினர். தமிழ்நாட்டு விகிதம் 20. 'நெற்களஞ்சியம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

1943க்குப் பிறகு செங்கொடிச் சங்கம் வந்தது. சீனிவாசராவ் சேரிக்குள் வந்து உட்கார்ந்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றது அந்தப் போராட்டத்தால்தான். இதை நாம் நன்றியோடு சொல்கிறோம், சொல்லத் தயங்குகிறவர்கள் நம் ஆட்கள் அல்ல. ஆனால் நன்றிக்கும் விமர்சனத்துக்கும் பகை கிடையாது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. மிராசுதார் என்ன செய்தார்? பண்ணையாளே இல்லை, எல்லாம் தினக்கூலி என்று ஆக்கிவிட்டார். 1955, 1956இல் குத்தகைச் சட்டங்கள் வந்தன. குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, நல்லது. ஆனால் அந்தக் குத்தகைதாரர் யார்? பெரும்பாலும் இடைச்சாதி விவசாயி. 'உழுபவனுக்கே நிலம்' என்று தொண்டை கிழியக் கத்தினோம். உழுதது நாம், உழுபவன் என்று ஏட்டில் இருந்தது வேறொருவர். 1961இல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15. பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு. ஆதீனங்களும் கோயில்களும் ஆயிரக்கணக்கில் நன்செய் வைத்திருக்கிற ஜில்லாவில் இந்த விலக்கு என்ன விலை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மிச்சத்தை நாய்க்கும் மாட்டுக்கும் பேர் வைத்து எழுதினார்கள் என்று சனங்கள் கேலி பேசுவார்கள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டு, சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்கு, குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. ஒவ்வொரு வருஷமும் நாம் போய் வணக்கம் செலுத்துகிறோம். ஆனால் வெண்மணியை வெறும் கூலித் தகராறு என்றோ, வெறும் சாதித் தகராறு என்றோ பிரித்துப் பேசுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எரிந்த குடிசை யாருடைய மனையில் இருந்தது? கூலி கேட்டால் மனையைப் பிடுங்குவான், மனை கேட்டால் வேலையை நிறுத்துவான். சாதியும் வர்க்கமும் ஒரே மனைக்கட்டில்தான் குடியிருந்தன.

வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். அந்த வருஷம் ஜூன் 19 அன்று யார் எந்த மனையில் குடியிருந்தாரோ அந்த மனை அவருக்கே. நம் '160 ஏக்கர் சட்டம்' இதுதான் தோழர்களே. லிங்கன் சட்டத்துக்கு 109 வருஷம் கழித்து. 24 வேலி அல்ல, சில சென்ட். இதைச் சிறிது என்று நான் கேலி செய்யவில்லை. 'காலி பண்ணு' என்று சொல்லும் வாயை அடைத்த சட்டம் அது. வேலை நிறுத்தம் செய்துவிட்டு இரவில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒன்று. தாத்தா குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, பேரனுக்குக் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போக மனை எங்கே? கோயில் நிலத்திலும் மட நிலத்திலும் வாய்க்கால் புறம்போக்கிலும் இருக்கிற தெருக்களில் இன்றைக்கும் பல இடத்தில் பட்டா இல்லை. செத்தால் தூக்கிப்போகப் பாதை இல்லை.

நிலமும் வாங்க முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1981இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, மிராசுதாரிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பெண்கள் பேரில் எழுதிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள். நாம் காந்தியவாதிகள் அல்ல, விலை கொடுத்து வாங்குவது நியாயமா என்ற கேள்வியும் நமக்கு உண்டு. ஆனாலும் மூன்று மா நிலம் தன் பேரில் இருக்கிற பெண் களத்துமேட்டில் பேசுகிற பேச்சே வேறு. அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். எண்ணெய்க் கிணறு, இரும்பு உருக்காலை போன்ற பெருந்தொழில் புதிதாக வரக் கூடாது என்பதை நாமும் ஆதரிக்கிறோம். மீத்தேன் எதிர்ப்பில் நம் தெருக்களும் நின்றன. ஆனால் பாதுகாக்கப்பட்டது எது? வேளாண் நிலம். யாருடைய நிலம்? அறுப்பு மெஷின் வந்து ஒரு மணி நேரத்தில் அறுத்துவிட்டுப் போகிறது. அறுத்த கைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் ரயில் ஏறுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பயிருக்குக் கணக்கு எடுத்தார்கள், தென்னைக்குக் கணக்கு எடுத்தார்கள். அந்தப் பயிரில் இழந்த கூலி நாளுக்குக் கணக்கெடுக்க எந்தக் காலமும் அந்தப் படிவத்தில் இல்லை. 'விவசாயி' என்ற சொல்லுக்குள் நாம் இல்லாதவரை, விவசாயத்தைக் காப்பாற்றுகிற எந்தச் சட்டமும் நம்மைக் காப்பாற்றாது.

மாணவத் தோழர்களுக்கு வேலை சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு முழக்கம் போடுவது சுலபம். பதிவேடு படிப்பதுதான் கஷ்டம். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கிறது, அடங்கல் இருக்கிறது. பழைய பதிவேடுகளில் 'டி.சி.' என்று குறித்திருந்தால் அது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம். இன்று அது யார் பேரில் இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு மனைப்பட்டா இல்லை, எத்தனை வீடு கோயில் நிலத்தில், எத்தனை குடும்பம் ஒரே மனையில் நெருக்கிக்கொண்டு இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை யார் பட்டாவில் போகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். பள்ளர் தெரு, பறையர் தெரு, சக்கிலியர் தெரு என்று பார்க்காமல் எடுங்கள். நமக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வு மிராசுதாரின் கடைசி வேலி.

நம் கோரிக்கை நான்கு. பஞ்சமி நிலங்களை மீட்டு உரியவர்களிடம் கொடு. தரிசு இல்லாத டெல்டாவில் உச்சவரம்பு மிச்சத்திலிருந்தும் அறக்கட்டளை நிலக் குத்தகையிலிருந்தும் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு முதல் உரிமை கொடு. அதைப் பெண்கள் பேரில் கொடு. பயிர் இழப்பு என்றால் கூலி இழப்பையும் சேர்த்துக் கணக்கிடு.

தேர்வில் அமெரிக்காவின் மேற்கு விரிவாக்கம் பற்றிக் கேள்வி வந்தால் மூன்று பக்கம் தாராளமாக எழுதுங்கள். நாலாவது பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது உங்கள் தெருவின் நிலக் கணக்கு. அதை எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஊர் ஊராக அச்சேற்றுவோம்.